இடது பக்கம் ஆள்

அப்பாவின் காரில் ஏறவே எனக்குப் பயம். ஏறும்போதே இடது கையால் கதவுப் பிடியையும் வலது கையால் மகளையும் பிடித்துக்கொள்வேன். இறங்கும்போது உள்ளங்கையில் பிடியின் தடம் பதிந்திருக்கும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஏறித்தான் ஆக வேண்டும். அப்பா மாநகர சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாரம் முழுக்கக் கண்டி நெரிசலுக்குள்ளேயே கிடந்தால் மனிதன் ஊறுகாயாகிவிடுவான் என்பது அவர் கட்சி. ஒரு வாரம் கம்பளை, ஒரு வாரம் மாத்தளை, ஒரு வாரம் கலகெதர. போகிற ஊரில் எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. கடைத்தெருவில் காரை நிறுத்தி, பிளேன்டீ குடித்து, சுடச்சுட வடை தின்று, சந்தையில் அன்னாசியோ கொய்யாவோ வாங்கிக்கொண்டு திரும்புவோம். என் கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு நானும் மகளும் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டோம். அதனால் பின் சீட் எங்களுக்கு. முன் சீட் எப்போதும் அம்மாவுக்கு.

அம்மாவுக்குக் காரில் வாய் ஓயாது. வீட்டு வாசலில் தொடங்கினால் திரும்பி வந்து சேரும்வரை ஒரே பாட்டுத்தான். "ஏங்க, எடது பக்கம் ஆளு, நடந்து போறாங்க. ஏங்க, வலது பக்கம் பஸ்ஸு, வருது. எடது பக்கம் நாயி, படுத்திருக்கு." கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. நானே பயத்தில் செத்துக்கொண்டு வருகிறேன், இவள் வேறு நாய், பேய் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறாளே என்று எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். "அம்மா, அப்பாவுக்குக் கண்ணில்லையா, பேசாம வாங்களேன்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அப்பாவும் ஒருநாள்கூட அவளை அதட்டியதில்லை. மகள் வீட்டில் பிளாஸ்டிக் கதிரையைக் காராக்கி, பொம்மையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஏங்க, பஸ்ஸு" என்று அம்மாயி மாதிரியே நடித்துக் காட்டுவாள். விழுந்து விழுந்து சிரிப்போம்.

தெல்தோட்டையில் அம்மாவின் தங்கை, என் சித்தி, வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதாகத் தகவல் வந்தது. அந்த ஞாயிறு அங்கே போனோம். சித்தி தனியாள். கட்டுப்போட்ட காலோடு அவள் அடுப்படிக்கும் கட்டிலுக்கும் இழுபடுவதைப் பார்த்ததும், அம்மா சில நாள் அங்கேயே நின்று உதவுவதென்று முடிவாயிற்று. மறுநாள் மகளுக்குப் பள்ளிக்கூடம், எனக்குக் கந்தோர் வேலை. நாங்கள் மூவரும் திரும்ப வேண்டும்.

கிளம்பும்போது பின்னேரம். மலைக்கு மேலே மழை கட்டியிருந்தது. அம்மா கார்வரை வந்து என் கையைப் பிடித்தாள்.

"நீ முன்னுக்கு உக்காரு. வாய மூடாம வா."

"என்னத்தப் பேச?"

"ரோட்டுல என்ன வந்தாலும் சொல்லிக்கிட்டே வா. ஒண்ணு விடாம."

"ஒங்கள மாதிரி என்னால தொணதொணக்க முடியாதும்மா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்தவள், "சரி, பத்திரமா போங்க" என்று கையை விட்டாள். கார் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். வாசல் படலையில் நின்றபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். வழக்கமான பயம்தான் என்று நினைத்தேன்.

கலஹா பக்கம் இறங்கும் பாதை அது. ஒரு புறம் தேயிலை மேட்டின் மண் சுவர், மறு புறம் ஒன்றுமில்லை. மலையைச் சுற்றிச் சுற்றி வளைந்து திரும்பும் முடக்குகள். தெல்தோட்டையைத் தாண்டியதுமே மூட்டம் இறங்கிவிட்டது. நான் முன் சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் வந்தேன். அம்மா இல்லாத கார் அமைதியாக இருந்தது. அது எனக்குச் சுகமாகக்கூட இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? ஆனால் அப்பா சரியில்லை. தலையைக் கோழி மாதிரி இடமும் வலமும் வெட்டி வெட்டித் திருப்பினார். இரண்டு முறை காரணமில்லாமல் பிரேக் பிடித்தார். "என்னப்பா?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். நெற்றியில் வியர்வை. அந்தக் குளிரில்.

ஒரு முடக்கில் இடது ஓரமாக ஒரு பெண் விறகுக் கட்டைத் தலையில் வைத்து நடந்துகொண்டிருந்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்தாள். மூட்டத்திலும் அவளுடைய சிவப்புச் சேலை தெரிந்தது. அப்பா விலகுவார் என்று காத்திருந்தேன். விலகவில்லை. அவர் தலை வலது பக்கப் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது, கார் இடது ஓரமாக அவளுடைய முதுகுக்குப் போய்க்கொண்டிருந்தது. "அப்பா" என்று நான் கத்தியதும் அவர் ஸ்டியரிங்கை வெட்டினார். தலைச்சுமையிலிருந்து தாழ்ந்து தொங்கிய விறகில் பக்கக் கண்ணாடி மோதும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் சாய்ந்தாள்.

கதவுப் பிடியை இரண்டு முறை இழுத்துத் திறந்தேன். நான் இறங்குவதற்குள் அவள் எழுந்து நின்று சேலையை உதறிக்கொண்டிருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான். "ஹோர்ன்கூட அடிக்காம வாறீங்களே, எம் புள்ளைங்களுக்கு யாரு இருக்கா" என்று அழுதாள். அப்பா அவளைக் கும்பிட்டார். ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று நானும் அவரும் கெஞ்சினோம். வேண்டாம் என்றுவிட்டாள். சிதறிய விறகை அப்பா குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். அவருடைய இடது காலுக்குப் பக்கத்திலேயே ஒரு தடித்த கட்டை கிடந்தது. அதை விட்டுவிட்டுத் தூரத்தில் கிடந்த சுள்ளிகளை எடுத்தார். பிறகு திரும்பி, அந்தக் கட்டையிலேயே தடுக்கினார்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் கைபட்டு உருளும் தேநீர்க் கோப்பைகள், கதவு நிலையில் இடித்துக்கொண்ட அப்பாவின் தோள், கோப்பையைச் சரியாக அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோய் வைக்கும் அம்மா. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

அந்தப் பெண் போன பிறகு காருக்குள் உட்கார்ந்தோம். அப்பா சாவியைத் திருப்பவில்லை.

"ஏன் பேசாம வந்த?" என்று கேட்டார். கோபமில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"ஒங்களுக்கு எவ்வளவு தெரியுதுப்பா?"

"நேரா இருக்கிறது நல்லாத் தெரியும். பேப்பர் படிக்கிறேனே. ரெண்டு பக்கமும்தான் இல்ல. கண்ணுல அழுத்தமாம். போனது திரும்பாதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவ சொல்லித்தானே ஓட்டுறேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் பிள்ளையை ஏற்றிக்கொண்டு, இத்தனை ஞாயிறுகள், இத்தனை மலைகள். கத்த வேண்டும் போலிருந்தது. பின்னால் தூங்கிக்கொண்டு வந்த மகள் விழித்து உட்கார்ந்திருந்தாள், அதனால் கத்தவில்லை. "எறங்குங்க, நான் ஓட்டுறேன்" என்றேன்.

லைசன் எனக்கும் இருந்தது. எடுத்த கையோடு ஒரு மதிலில் இடித்துவிட்டு, அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடாதவள் நான். ஆனாலும் உட்கார்ந்தேன். கிளட்ச்சை விட்டதும் எஞ்சின் நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். கார் முன்னால் குதித்து, மறுபடி நின்று, பள்ளத்துப் பக்கமாக உருண்டது. எந்தக் காலை எதில் வைப்பதென்று தெரியவில்லை. அப்பா பக்கத்திலிருந்து கைப்பிரேக்கை இழுத்தார். கார் நின்ற இடத்தில் என் ஜன்னலுக்கு வெளியே பாதை இல்லை, வெறும் வெள்ளை மூட்டம். மகள் அழத் தொடங்கினாள். அம்மாவைக் கூப்பிடலாமென்று போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. இருட்டிக்கொண்டு வந்தது. யாராவது வருவார்களா என்று பார்த்தேன், ஒரு வாகனமும் வரவில்லை. முடக்கில் நின்றுகொண்டிருந்தால் வருகிற பஸ் எங்கள்மேல் ஏறிவிடும். மறுபடி அப்பாவையே ஓட்டவிட்டு, நான் இடது பக்க சீட்டுக்குப் போவதைத் தவிர வழியில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு பயத்தை நான் அனுபவித்ததில்லை.

"சொல்லு" என்றார் அப்பா.

"எடது பக்கம்... ஒரு இது, கல்லு..."

"அப்படி இல்ல. முதல்ல பக்கம். பிறகு என்னது. பிறகு நிக்குதா வருதான்னு. ஒங்கம்மா சொல்ற மாதிரி."

எடது பக்கம், ஆளு, நடந்து போறாங்க. அவள் பாடிய பாட்டின் கணக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பயத்தில் ஒரு வார்த்தைகூட அவள் சிந்தவில்லை. இத்தனை காலமும் அவள் பார்த்தாள், அப்பா ஓட்டினார்.

நான் சொல்லத் தொடங்கினேன். எடது பக்கம் கான், ஒட்டிப் போகுது. வலது பக்கம் ஆட்டோ, வருது. எடது பக்கம் ரெண்டு பேரு, நிக்கிறாங்க. கண்ணைச் சிமிட்டப் பயமாக இருந்தது. சிமிட்டும் நேரத்தில் ஒன்றை விட்டுவிட்டால்? ஒவ்வொரு முடக்கிலும் கதிர்காமக் கந்தனைக் கூப்பிட்டேன், அதுவும் மனசுக்குள், வாய் வேலையாக இருந்ததால். அப்பா மெதுவாக, சொன்ன சொல்லுக்குச் சொல் கையைத் திருப்பினார். கலஹாவில் சிக்னல் வந்ததும் போன் அதிர அதிர அம்மாவின் தவறிய அழைப்புகள் விழுந்துகொண்டே இருந்தன. எடுத்துப் பேச எனக்கு வாய் ஓய்வாக இல்லை. பேராதனைச் சந்தியில் நாலா பக்கமும் வாகனம். அங்கே நான் சொன்னது சொல்லா அலறலா என்று எனக்கே தெரியாது.

வீட்டு வாசலில் இறங்கியதும் மதிலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அப்பா சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். நான் கேட்கவில்லை. கேட்டிருப்பேன், அதற்குள் அவரே வைத்துவிட்டார்.

அம்மா திரும்பி வந்த அன்று பெரிய சண்டை. "தெரிஞ்சுக்கிட்டே பிள்ளைய ஏத்தி அனுப்பினீங்களே, நீங்கல்லாம் ஒரு அம்மாவா" என்று வாய்க்கு வந்ததைக் கேட்டேன். அம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். "அவரு சத்தியம் வாங்கிட்டாரு. நீங்க கெளம்பின ஒடனே மனசு கேக்காம அடிச்சேன், போன் போகல. அன்னிக்கு நான் செத்துத்தான் பொழச்சேன்" என்றாள். பிறகு, "அந்த ஞாயித்துக்கெழமய விட்டா அவருக்கு வேற என்ன இருக்கு" என்றாள். எனக்குக் கோபம் தணியவில்லை. இன்றைக்கும் முழுதாகத் தணியவில்லை.

ஆனால் அதன் பிறகு வந்த ஞாயிறும் அப்பா முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, முன் அறைக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும். அதைப் பார்க்க முடியாமல்தான் நான் மறுபடி டிரைவிங் பழகப் போனேன். ஹந்தானை மேட்டில் பழக்குகிறவர் என்னை ஏற்றி இறக்கிய ஒவ்வொரு நாளும் அந்த வெள்ளை மூட்டம்தான் கண்ணுக்குள் நின்றது. பயம் போகவில்லை. பயத்தோடு ஓட்டப் பழகிக்கொண்டேன்.

முதல் பயணம் கலகெதர. ஸ்டியரிங்கில் நான், பக்கத்தில் அப்பா, அவருக்குப் பின்னால் அம்மா, எனக்குப் பின்னால் மகள். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டுவதற்குள் என் முதுகு நனைந்துவிட்டது. பாலம் தாண்டியதும் பின்னாலிருந்து பாட்டு தொடங்கியது.

"எடது பக்கம் ஆளு, நடந்து போறாங்க. வலது பக்கம் லொறி, நிக்குது."

கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தேன். அதற்குமேல் முடியவில்லை. "அம்மா, எனக்கு ரெண்டு பக்கமும் தெரியுது. பயமுறுத்தாம வாங்க" என்றேன்.

"நான் ஒனக்கா சொல்றேன்? நீ ரோட்டப் பாரு" என்றாள் அம்மா. பிறகு முன்னால் குனிந்து அப்பாவின் தோளைத் தொட்டாள். "ஏங்க, எடது பக்கம், வயலு. அதுக்கு நடுவுல கொக்கு, நிக்குது."

"எங்க?" அப்பா தலையைத் திருப்பினார்.

"இன்னும் கொஞ்சம் திரும்புங்க. இன்னும் கொஞ்சம்."

நான் காரை ஓரமாக்கி, வேகத்தைக் குறைத்தேன்.