அக்கா கண்டுபிடித்த மாடி

என் அக்காவின் நேர்மையைப் புகழ ஊரில் ஆள் நிறைய. என்னால் முடியாது. எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

அவள் வேலை அணுக்கருவுக்குள் எட்டிப் பார்ப்பது. கதிரியக்கப் பொருள் சிதையும்போது கரு கொஞ்ச நேரம் கூடுதல் ஆற்றலோடு தவிக்குமாம். பிறகு படிப்படியாக இறங்கி அடங்கும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு காமா கதிர் வெளியே வரும். அதை அளந்தால் உள்ளே எந்த மட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். "மாடி மாடியா இருக்குன்னு வச்சுக்கோடா" என்றாள், லாரி ஓட்டுகிற எனக்கும் புரியட்டும் என்று.

ஜன்னல் இல்லாத அடித்தள அறை. ஈயக் கட்டிகளுக்கு நடுவே கருவி. வருஷா வருஷம் நீட்டிக்கிற தற்காலிக வேலை. அங்கேயே அவளுக்குத் தலை நரைத்தது. கடைசியில், கதிர்களை எண்ணிக் காட்டும் திரையில், அதுவரை யாரும் பார்க்காத ஓர் இடத்தில் ஒரு முகடு எழுந்தது. புது மட்டம் என்று கட்டுரை வெளியானது.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. காய்கறிக்காரரைக்கூட விடவில்லை. "என் பொண்ணு புது மாடி கண்டுபிடிச்சிருக்கா!"

"வாடகைக்கு விட்டுடலாமா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தக் கட்டுரையை நம்பித்தான் நிரந்தர வேலைக்கு அக்காவின் பெயர் போனது. அம்மாவுக்கு ஈரலில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் அப்போதுதான்.

முன்பு அளக்க வைத்திருந்த கதிரியக்கப் பொருள் நோஞ்சான். அதனால் கருவியோடு ஒட்டி வைத்து அளந்திருந்தார்கள். அப்படி வைத்தால் இரண்டு கதிர்கள் ஒரே கணத்தில் விழுந்து, கருவி அவற்றை ஒரே பெரிய கதிராக எண்ணிவிடலாம். வலுவான பொருள் வந்ததும் அக்கா அதைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். மற்ற முகடுகள் கணக்குப்படி குறைந்தன. அவளுடையது மட்டும் காணாமலே போனது. அப்படி ஒரு மட்டமே கிடையாது.

"முதல்ல வேலை கைக்கு வரட்டும்மா, அப்புறம் திருத்திக்கலாம்" என்றார் அவளுடைய பேராசிரியர். இவள் கேட்டால்தானே? கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். வேலை வேறொருவருக்குப் போனது. அதுவரை நான் அவள் பக்கம்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கெஞ்சினேன். "அம்மாகிட்ட மட்டும் சொல்லித் தொலைக்காதக்கா."

அவள் தலையாட்டவில்லை. உள்ளே அம்மா, ஊசி போட வந்த நர்சிடம் மூச்சிரைக்க ஆரம்பித்தாள். "இவதான் அந்த மாடியைக் கண்டுபிடிச்ச..."

அக்காவின் காலை மிதித்தேன். ஒரு 'ஆமா' சொன்னால் குடியா முழுகிவிடும்?

"அது தப்பும்மா. அப்படி ஒண்ணும் இல்ல. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

அம்மா அக்காவின் நரைத்த தலையையே பார்த்தாள்.

"அப்போ இத்தனை வருஷம் அந்த ரூமுக்குள்ள என்னடி பண்ணிட்டிருந்தே?"

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள். அம்மா கடைசியாகப் பேசியது அதுதான்.