கட்டிலிலிருந்து கதவு வரை

போன செவ்வாய்க்கிழமை காலை அக்கா தொலைபேசியில் அழுதார். "ரீற்றா செத்துப்போயிட்டாள், தம்பி." அக்கா ஏன் அழுதார் என்று எனக்கு விளங்கவில்லை. அவரை என் ஆஸ்பத்திரி அறையிலிருந்து வெளியே அனுப்பியவர் ரீற்றா. நான் அதை இன்னும் மறக்கவில்லை.

இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு ரீற்றாவைத் தெரியும். மன்னாரிலிருந்து வந்தவர், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளை நடக்கவைக்கும் வேலை. மூன்று பனிக்காலங்களுக்கு முன் பஸ் தரிப்பிடத்தில் பனியில் சறுக்கி விழுந்து எனக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று திருகாணி பூட்டினார்கள். மறுநாளே ரீற்றா வந்து, "எழும்புங்கோ அண்ணை" என்றார்.

முப்பது வருடம் சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில், லேத் மெஷினில் நின்று திருகாணிகளுக்கு மரை வெட்டியவன் நான். எவரும் சொல்லித் தராமல் பழகிய தொழில். "பூட்டின உடனே பாரம் ஏத்தினால் மரை கழரும், பிள்ளை" என்றேன்.

"அது இரும்புக்கு அண்ணை. எலும்புக்குப் பாரம் தெரியவேணும். இல்லாட்டில் அது ஏன் ஒட்டப்போகுது?"

நான் அசையவில்லை. நடக்காவிட்டால் மூன்றாம் மாடியிலுள்ள என் வீட்டை விட்டு முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டும் என்று மகன் சொல்லியிருந்தான். ஆனாலும் எனக்கு மரைதான் முக்கியமாகப் பட்டது. ரீற்றா வரும் நேரம் பார்த்து உறவினரை வரச்சொன்னேன். நம்மவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருத்தம் பார்க்க வந்தால் தெரியும்தானே: எட்டுப் பேர், சூப், அழுகை, "தம்பி, ஆடாமல் படு."

நாலாம் நாள் ரீற்றா வாசலில் நின்று பார்த்தார். "இதென்ன, செத்தவீடே? எல்லாரும் வெளியில போங்கோ." எழுபத்தெட்டு வயது அக்காவையும் கையைப் பிடித்து வெளியே விட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கட்டிலருகே வைத்திருந்த நடைச்சட்டத்தைப் பிடித்து எழுந்து வாசலுக்கே போய், "என்ர அக்காவைக் கலைக்க நீ ஆர்?" என்று கத்தினேன்.

அவர் என் கால்களைப் பார்த்தார். "நாலு அடி வந்திட்டியள். திரும்பிப் போகவும் நாலு அடி கிடக்கு."

பிறகு மாதா கோயிலில் காணும்போதெல்லாம், "அக்காவிட்ட மன்னிப்புக் கேட்டனியே?" என்பேன். அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார். "இடது கால் இழுபடுது, அண்ணை" என்பார்.

ரீற்றாவின் அடக்கப் பூசையில் எனக்குக் கதிரை கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று முடியும்வரை நின்றேன்.

அவர் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கோபத்தை நான் விடப்போவதில்லை. அதோடு என் வீட்டுக்கு ஏறும் முப்பத்தெட்டுப் படிகளும் என்னிடம் இருக்கின்றன. இடது காலை இழுக்காமல் ஏறுகிறேன்.