சாச்சி வாசலில் போட்ட மயில்

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. டில்லி கரோல் பாக்கில் ஒரு சந்தில் குடியிருந்தோம். நான் ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கோலத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை.

விமானம் குண்டு போடுமென்று எல்லா வீட்டு ஜன்னல்களிலும் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்த நாட்கள் அவை. எதிர்வீட்டில் ஒரு பஞ்சாபி அம்மாள். சாச்சி என்று கூப்பிடுவேன். அவருடைய ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான். காலையில் நான் அரிசி மாவில் கோலம் போட உட்கார்ந்தால், "ஏ மதராஸிப் பெண்ணே, இன்னிக்கும் எறும்புக்கு விருந்தா?" என்று இந்தியில் கிண்டல் செய்வார். ஒருநாள், "சண்டை முடியட்டும் மகளே, என் வாசல்லயும் போடு. என் பிள்ளை வந்து பார்க்கணும்" என்றார்.

மார்கழி பிறந்த சமயத்தில் சண்டை நின்றது. மறுநாள் காலை சந்தே கூத்தாடியது. கறுப்புக் காகிதத்தைக் கிழித்துப் பறக்கவிட்டார்கள். டோலக் முழங்கியது. யார் யாரோ என் வாயில் லட்டைத் திணித்தார்கள். சாச்சி வாசலில் கோலம் போடக் குனிந்த நான், ஒரு மணி நேரம் நிமிரவில்லை. தோகை விரித்த மயில். எங்கள் வாசலில்கூட அப்படி ஒன்று நான் போட்டதில்லை.

தோகையில் கடைசிக் கண்ணை வைக்கும்போது தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினார். கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போய்க் கதவைத் தட்டினார். சாச்சிக்குப் படிக்கத் தெரியாது. அவரே படித்துச் சொன்னார். சாச்சி போட்ட சத்தத்தில் எங்கள் பக்கம் ஆட்டம் நின்றது. மறுகோடியில் விஷயம் தெரியாமல் வெகுநேரம் டோலக் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா என்னை வீட்டுக்குள் இழுத்தாள். "ஏட்டி, துக்க வீட்டு வாசல்ல கோலம் கிடக்கலாமா? ஓடிப்போய் அழிச்சிட்டு வா."

"இப்பத்தானம்மா போட்டேன். யாருமே பாக்கலை."

"அடி வாங்கப் போற."

ஈரத் துணியோடு போனேன். மயிலின் கழுத்தை அழிக்கும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. படியில் சாய்ந்து கிடந்த சாச்சி என்னைப் பார்த்ததும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். "என் பிள்ளைக்காக இந்தக் குழந்தை எப்படி அழுதுன்னு பாருங்க" என்று கூடியிருந்த பெண்களிடம் காட்டினார்.

நான் அழுதது மயிலுக்காக. அந்த அண்ணன் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை.

நாங்கள் வீடு மாறும்வரை சாச்சிக்கு நான் "என் மகனுக்காக அழுத பெண்"தான். அவன் பிறந்தநாளன்று அல்வா கிண்டி, முதல் கிண்ணத்தை எனக்குக் கொடுப்பார். வாங்கித் தின்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்ல நினைத்தாலும் அவர் இல்லை.

பேத்திகள் மயில் கோலம் கேட்டால் வராது என்று சொல்லிவிடுவேன். எனக்கு வராத கோலம் கிடையாது. சண்டை நின்றதென்று டிவியில் சொல்லித் தெருவில் பட்டாசு வெடித்தால் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறேன். அந்தப் பிள்ளைக்காக அன்று அழாததை, இந்த வயதில்தான் கொஞ்சம் கொஞ்சமாக அழுது தீர்க்கிறேன்.