தங்கையின் ரத்தம்

எனக்குப் பதினோரு வயதில் பல் ஈறில் ரத்தம் கசியத் தொடங்கியது. உடம்பில் அங்கங்கே அடிபடாமலே கன்றிப்போன திட்டுகள். எங்கள் ஊரில் செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த அப்பா, கடையைப் பூட்டிவிட்டு என்னை வேலூருக்கு அழைத்துப் போனார். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிட்டது, வேறொருவரின் மஜ்ஜையை ஏற்ற வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். எண்பதுகளின் பிற்பகுதி அது. அந்த வைத்தியம் நம் பக்கத்துக்கு அப்போதுதான் வந்திருந்தது. அப்பா, அம்மா இருவருடையதும் சேரவில்லை. மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் தங்கையுடையது சேர்ந்தது.

மயக்க மருந்து கொடுத்து அவள் இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் எடுப்போம் என்று டாக்டரம்மா விளக்கினார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தங்கைதான் கேட்டாள்.

“நான் குடுத்தும் அண்ணன் செத்துட்டா, என் ரத்தம் கெட்டதுன்னு அர்த்தமா?”

அம்மா அவள் வாயைப் பொத்தப் போனாள். டாக்டரம்மா தடுத்துவிட்டு, நாற்காலியைத் தங்கையின் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இல்லம்மா. குடுக்கறதோட உன் வேல முடிஞ்சிடுது. அப்புறம் எது ஆனாலும் எங்க பொறுப்பு. உன்மேல எதுவும் இல்ல.”

“அப்ப சரி, எடுத்துக்கோங்க.”

என்னைக் கண்ணாடி சன்னல் வைத்த தனி அறையில் சேர்த்தார்கள். முதலில் கடுமையான மருந்துகள், பிறகு அவள் மஜ்ஜை. டாக்டர், நர்சுகளைத் தவிர, முகமூடி கட்டிய அம்மா மட்டும்தான் உள்ளே வரலாம். முடி கொட்டியது. வாயெல்லாம் புண். நான் பேசுவதை விட்டுவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தேன்.

தங்கையை அடி அண்ணாமலையில் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். அங்கே அவளும் சரியாகச் சாப்பிடவில்லை; பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதிருக்கிறாள். பார்க்கப் போன அப்பாவிடம் சொன்னாளாம்:

“வர்றவங்க எல்லாம் அண்ணன் எப்படி இருக்கான்னுதான் கேக்கறாங்க. எனக்கும்தான் இடுப்பு வலிச்சுது. யாருமே கேக்கலப்பா.”

அப்பா அங்கேயே உட்கார்ந்து அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு நேரே வேலூருக்கு பஸ் ஏறிவிட்டார்.

சன்னலைத் தட்டும் சத்தம் கேட்டது. “தங்கச்சி வந்திருக்காடா” என்றாள் அம்மா. மொட்டைத் தலையை அவள் பார்க்கக் கூடாதென்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். தட்டுவது நிற்கவில்லை. எரிச்சலோடு திரும்பினால், மூக்கும் உதடும் சப்பையாகும்படி முகத்தைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள். சிரித்துவிட்டேன். வாய்ப்புண் எரிந்தது. அம்மா முகமூடிக்குள் அழுதாள். அதற்குப் பிறகு அப்பா அவளை ஞாயிறுதோறும் அழைத்து வந்தார். நானும் பேச ஆரம்பித்தேன். அவளும் சாப்பிட ஆரம்பித்தாள்.

மஜ்ஜை பிடித்துக்கொண்டது. மறு வருடம் பள்ளிக்குத் திரும்பினேன். என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. வியாதி ஒட்டிக்கொள்ளும் என்று வீடுகளில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாத்தியாரும் கண்டுகொள்ளவில்லை. வீட்டில் நான் எதையும் சொல்லவில்லை. அதே பள்ளியில் படித்த தங்கையே எப்படியோ தெரிந்துகொண்டு, மதிய மணி அடித்ததும் என் வகுப்புக்குள் வந்துவிட்டாள். எங்கள் உயரத்தில் பாதிதான் இருப்பாள்.

“அவன் ஒடம்புல இப்ப ஓடறது என் ரத்தம். என்னைத் தொட்டு வெளையாடறீங்க இல்ல? உங்களுக்கு ஏதாவது ஆச்சா?”

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் டப்பாவைத் திறந்து சாப்பிடத் தொடங்கினாள். சற்றுப் பொறுத்து முன்பெஞ்சுப் பையன் ஒருவன் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்து உட்கார்ந்தான். மறுநாள் இன்னும் இருவர்.

மஜ்ஜை ஏற்றிய பிறகு என் ரத்த வகையும் அவளுடையதாகவே மாறிவிட்டது. யாராவது என் ரத்த வகையைக் கேட்டால் அவளுடையதைத்தான் சொல்கிறேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது என்கிறாள் என் மனைவி. உயரட்டுமே.