பின்பக்கம் இல்லாத கூடம்

அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மழைக்காலத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார் அண்ணி. நல்லதை மட்டும் எழுத எனக்கு வராது. ஆயுசு முழுக்க அவரோடு சண்டை போட்ட தங்கை நான்.

அண்ணன் பிறந்தது பாரூரில். அப்பாவும் அம்மாவும் கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை செய்தார்கள். ஒருமுறை தோட்ட முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் எங்களை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார வைத்து இலை போட்டார்கள். நான் வயிறாரச் சாப்பிட்டேன். அண்ணன் இலையைத் தொடவேயில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு காண்டிராக்டரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, கட்டட பிளான் வரையக் கற்று, மத்திகிரிக்குக் குடிவந்த பிறகும் அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவார்.

மத்திகிரியில் எங்கள் வரிசை வீடுகள் எல்லாமே ஒற்றை அறை. அடுப்புப் புகைக்கு நடுவே ஒருவர் சாப்பிட்டு எழுந்தால்தான் அடுத்தவருக்கு இடம். வீடுகளை வாடகைக்கு விட்டிருந்தவர் தெரு மூலையில் கிடந்த காலி மனையைத் தந்தார். தெருவே கூடி உட்கார்ந்து பேச, சாப்பிட அங்கே ஒரு கூடம் கட்டுவது என்று அண்ணன் பிளான் போட்டார். நாலு பக்கமும் கண்ணாடி. பெங்களூரில் இடித்த பங்களாவின் ஜன்னல்களை வைக்கோல் சுற்றி லாரியில் கொண்டுவந்தார்.

"எதுக்குண்ணா இத்தினி கண்ணாடி? செவுரு வெச்சா ஆவாதா?" என்றேன்.

"செவுரு வெச்சா பின்பக்கம்னு ஒண்ணு வந்துரும் பாப்பா. இதுக்கு நாலு பக்கமும் முன்பக்கந்தான்."

திறந்த அன்று, வீட்டிலிருந்து தட்டோடு வந்த பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். எதிர்வீட்டு முனியம்மா அக்கா தட்டை முந்தானையால் மூடியிருந்தார்.

"எங்க ஊட்ல தெனமும் களிதாம்ப்பா. அது ரோட்டுல போறவனுக்கெல்லாம் தெரியணுமா?"

அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. களி தின்று வளர்ந்தவர்தான், தட்டை மூடுகிற கையை மறந்துபோனார். நானும் விடவில்லை. "நீ பிளானைப் பாத்த, ஆளப் பாக்கல" என்றேன். கூடம் ஆளில்லாமல் கிடந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் பார்த்த அதே முகம் திரும்பி வந்ததில் எனக்குப் பயமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அக்காவைக் கூப்பிட்டார். "உள்ள வந்து சும்மா உக்காருக்கா. தட்டு வேணாம்." அக்கா சம்மணமிட்டு உட்கார, அண்ணன் ரோட்டில் நின்று பார்த்தார். அக்காவின் தோள் மட்டத்துக்குக் கண்ணாடியில் கரிக்கோடு போட்டு, அதற்குக் கீழே நாலு பக்கமும் சுண்ணாம்பு அடித்தார். தரை ரோட்டைவிட மேடு என்பதால் அது போதுமாக இருந்தது.

"மொகம் தெரியட்டும், தட்டு தெரிய வேணாம்" என்றார்.

அன்று சாயங்காலமே அக்கா தட்டோடு வந்தார். பிறகு மற்றவர்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் வெள்ளைக்கு மேலே வரிசையாக முகங்கள், ஓயாமல் அசைகிற வாய்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து கேட்கும். உள்ளே களியா சோறா என்பது யாருக்கும் தெரியாது. மழை பெய்து ஓயும்போதெல்லாம் அண்ணனே சுண்ணாம்பு கரைத்துப் பூசுவார்.

மூச்சிரைப்பு படுக்கையில் தள்ளிய பிறகும், "இன்னிக்கு யாரெல்லாம் வந்தாங்க?" என்றுதான் கேட்பார். பேர் பேராகச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த வருட மழையில் சுண்ணாம்பு மொத்தமும் கரைந்துவிட்டது. நினைவு நாள் சாப்பாட்டுக்கு முன் அடித்துவிடலாம் என்று போன வாரம் வாளியோடு போனேன். முனியம்மா அக்கா வாளியைப் பிடுங்கிக்கொண்டார்.

"வேணாந் தாயி. அன்னிக்கு எல்லாருமே களி தின்னலாம். பாக்கறவன் பாக்கட்டும்."

வாய்க்கு வாய் பேசுகிற நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மனை தந்தவருக்கும், அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கட்டியவர்களுக்கும், அவரைத் தோளில் சுமந்தவர்களுக்கும், அண்ணிக்குத் துணையாக வந்து படுத்துக்கொண்ட பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பூசை முடிந்ததும் அனைவரும் கூடத்துக்கு வாருங்கள். களியும் கீரைக் குழம்பும் உண்டு. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்காருங்கள். கண்ணாடியில் சுண்ணாம்பு இல்லை.