வேலியில் காய்ந்த பாய்

தொண்ணூற்றியொன்றில் எனக்கு ஆறு வயது. அந்த வருடம் சேரப்பணஞ்சேரியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எங்கள் வீட்டு வேலியில் தினமும் காய்ந்த கோரைப்பாயை வைத்தே என்னை அடையாளம் சொன்னார்கள்.

அதற்கு முன்பு எனக்குத் தூக்கத்தில் பாயை நனைக்கும் பழக்கம் கிடையாது. அடுப்பில் குச்சியை விட்டுக் கிளறினால் அம்மா, "நெருப்புல வெளையாடாதடா, ராவுல பாயிலயே போயிடுவ" என்பாள். ஊரில் எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். நான் நம்பினேன். ஆடி மாதம் வாலாஜாபாத் ரோட்டில் லாரி மோதி அப்பா இறந்தார். எனக்கு மொட்டை போட்டு, சுடுகாட்டில் கையில் கொள்ளியைக் கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வைக்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து பாய் நனைய ஆரம்பித்தது. அத்தனை பெரிய நெருப்பைத் தொட்டவனுக்கு வேறென்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியப்பா பேச்சை எடுத்தார். அவருக்குச் சுங்குவார்சத்திரத்தில் டீக்கடை இருந்தது, வீட்டில் டிவி இருந்தது, பிள்ளை மட்டும் இல்லை.

"நீ ஒண்டியா ஆம்பளப் புள்ளைய எப்டி வளப்ப? நாங்க கூட்டிகினு போறோம்" என்றார். அம்மாவைக் கேட்கவில்லை, அறிவித்தார். அவள் தலையை ஆட்டினாள். பெரியம்மாவுக்கு மட்டும் ஒரு நிபந்தனை இருந்தது.

"மொதல்ல பாய நனைக்கிறது நிக்கட்டும். எங்க வூட்ல மெத்த கீது."

எனக்குப் போக ஆசை. டிவியும், என் பாயைப் பற்றித் தெரியாத ஊரும். அம்மாவை விட்டுப் போகிறோமே என்றெல்லாம் நான் உருகவில்லை என்பதை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அம்மாவும் என்னை மும்முரமாகத் தயார் செய்தாள். விளக்கு வைக்கும் முன்பே சோறு. மோர் கிடையாது. பொழுது சாய்ந்ததும் தண்ணீர்ச் சொம்பு என் கைக்கு எட்டாத பரணுக்குப் போய்விடும். நான் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிடாமல் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தாள். படுக்கும் முன் கொல்லையில் நிறுத்தி, "போடா கண்ணு, அவசரமில்ல" என்று காத்திருப்பாள். நனைத்த நாட்களில் ஒருமுறைகூடத் திட்டியதில்லை.

ஒருநாள் அவள் பாயை அலசிக்கொண்டிருந்தபோது, "அப்பாவுக்கு நெருப்பு வெச்சேன்ல, அதனாலதாம்மா" என்றேன். அவள் கை அப்படியே நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி அலசினாள். அதற்குப் பிறகு நானும் அடுப்புப் பக்கம் போகவில்லை.

ஐப்பசியில் ஒரு வழியாக நின்றது. பன்னிரண்டு நாள் பாய் நனையவே இல்லை. பெரியப்பாவுக்குச் செய்தி போனது. அவர் வருவதாகச் சொன்ன நாளன்று காலையில் கண் விழித்தால், பாய் சொதசொதவென்று கிடந்தது. என் சட்டை மார்பு வரை ஈரம்.

பெரியப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எட்டிப் பார்த்தார்.

"இது நிக்கிற கேஸ் இல்ல. நீயே வெச்சிக்கோ" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்.

நான் அழுது புரண்டேன். ஆத்திரத்தில் அம்மாவை இரண்டு கையாலும் அடித்தேன். அவள் தடுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

"நான் நெருப்பத் தொடவே இல்லம்மா."

"நீ தொடல கண்ணு. எனக்குத் தெரியும்."

பாயை எடுத்துப் போய் வேலியில் போட்டாள். ராத்திரி என்னை எழுப்பிவிடவில்லை என்று வெகுநாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அன்று அந்தப் பாயில் வாடையே இல்லை. பரணில் இருக்க வேண்டிய சொம்பு, தலைமாட்டில் காலியாகக் கிடந்தது. இரண்டையும் நான் கவனிக்கத்தான் செய்தேன். அதற்கு மேல் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.