கட்டிலிலிருந்து தெரிகிற படம்

அரசு கொடுத்த இலவச டிவி எங்கள் வீட்டில் சில வருடம் நன்றாகவே ஓடியது. ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது, அதோடு சரி. என் கணவர் உத்திரமேரூரில் வயர்மேன். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தவர், பிக்சர் டியூப் போய்விட்டது, இதை இனி சாமான் வைக்கத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றார். சாதாரணமாக இருந்தால் தீபாவளி போனஸை வேறு செலவுக்குப் போட்டுவிட்டு டிவி இல்லாமலேயே இருந்திருப்போம். ஆனால் அப்போது ஹாலில் என் மாமனார் படுத்திருந்தார்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வந்தார் என்பதைவிடத் தூக்கி வந்தோம் என்பதுதான் சரி. களத்துமேட்டில் நெல் மூட்டை தூக்கும்போது பக்கவாதம் வந்து விழுந்தார். இடது கையும் காலும் போய்விட்டன. மாமியார் முன்பே இறந்துவிட்டதால் பார்த்துக்கொள்ள வேறு யாருமில்லை.

நான் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அவர்கள் இந்து. மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு குடும்பமும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவைதாம். ஆனாலும் மகன் சர்ச்சில் போய்த் தாலி கட்டியதை மாமனாரால் பொறுக்க முடியவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை. நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோதும் வரவில்லை. வழியில் என்னைப் பார்த்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் போவார். நான்கு வருடம் இப்படிப் போயிற்று.

இப்போது எழுந்து போக முடியாத நிலையில் என் ஹாலில் படுத்திருந்தார்.

கட்டிலின் இடப்பக்கம் சமையலறை வாசல், வலப்பக்கம் தெருச் சன்னல். அவர் முகம் எப்போதும் சன்னல் பக்கமே இருக்கும். ஒரகடத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு முதல் ஷிப்ட். கார்களுக்குப் போகிற ஒயர்க் கட்டுகளைச் சோதித்துப் பார்க்கிற வேலை. நான் சாயங்காலம் வந்ததும் கணவர் தன் வேலைக்குக் கிளம்புவார். அதற்குப் பிறகு வீட்டில் நானும் மாமனாரும்தான். “மாமா, காபி” என்று சமையலறையிலிருந்து வருவேன். முகம் திரும்பாது. மகனிடம் குழறலாக இரண்டொரு வார்த்தை பேசுகிறவர் என்னிடம் ஒன்றும் பேசமாட்டார். தட்டில் சோறு வைத்தால் பாதிதான் சாப்பிடுவார். மீதிப் பாதி, கோடு கிழித்த மாதிரி அப்படியே இருக்கும். என் கையால் சமைத்ததைப் பாதிக்கு மேல் தொடக்கூடாது என்று சபதம் போலும் என நினைத்துக்கொண்டேன். தட்டைக் கழுவும்போது சில நாள் அழுததும் உண்டு.

அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, டிவியில் வருகிற வெளிநாட்டுக் குஸ்தி. அது ஓடும்போது மட்டும் வாயின் வலது பாதி சிரிக்கும். டிவி நின்ற பிறகு அதுவும் நின்றது. போனஸ் வந்த வாரமே, பக்கத்து வீட்டு அக்காவை மாமனாரோடு இருக்கச் சொல்லிவிட்டு, நானும் கணவரும் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினோம்.

போகிற வழியெல்லாம் எல்சிடி என்றுதான் பேச்சு. கணவர் தொழில்காரர். பிளாஸ்மா கரண்டைக் குடிக்கும், சூடாகும், கனமானது, கண்ணாடித் திரை என்பதால் பகலில் தெருவெல்லாம் அதில் தெரியும் என்றார். தினம் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலம் அது. எங்கள் சின்ன இன்வெர்ட்டர் பிளாஸ்மாவைத் தாங்காது என்பது அவர் கடைசியாகச் சொன்ன காரணம்.

கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி ஒரே படத்தை ஓடவிட்டிருந்தார்கள். எல்சிடி பளிச்சென்று இருந்தது. அதே விலைக்குப் பிளாஸ்மா இன்னும் பெரிதாகக் கிடைத்தது, ஆனால் கொஞ்சம் மங்கல். கணவர் எல்சிடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். விற்பனைக்கு நின்ற பையனும் அதைப் பற்றியே விளக்கிக்கொண்டிருந்தான்.

எனக்கு என் வேலைப் பழக்கம் போகவில்லை. கம்பெனியில் ஒரு ஒயர்க் கட்டை நேராகப் பார்த்து ஒரு நாளும் விடமாட்டேன். சாய்த்து, திருப்பி, அடியிலிருந்து பார்த்த பிறகுதான் சீல். எங்கள் வீட்டில் டிவிக்கான பிளக் பாயிண்ட் கட்டிலின் கால்மாட்டுச் சுவரில், சன்னலோர மூலையில் இருந்தது. கட்டிலிலிருந்து பார்த்தால் சாய்வாகத்தான் தெரியும், அதுவும் தாழ்வாகப் படுத்துக்கொண்டு. நான் எல்சிடியின் இடப்பக்கமாகப் போய்க் குனிந்து பார்த்தேன். போதவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். பிறகு புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தே விட்டேன்.

பளிச்சென்று இருந்த படம் வெளுத்துப்போயிருந்தது. ஆட்களின் முகம் கறுத்தது, கறுப்பு மயிர் சாம்பலானது. அப்படியே நகர்ந்து பிளாஸ்மாவுக்கு நேரே போனேன். அதே சாய்வு, அதே தரை. படத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“மேடம், எழுந்திருங்க மேடம், சேர் போடறேன்” என்றான் அந்தப் பையன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கணவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“இன்னா பண்ணிக்கினு கீற நீ?”

“உங்க நைனா இப்டித்தான் பாப்பாரு. நீயும் படுத்துப் பாரு.”

அவர் படுக்கவில்லை. ஆனால் குந்தி உட்கார்ந்து முதலில் அதைப் பார்த்தார், பிறகு இதைப் பார்த்தார். எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, பிளாஸ்மாவைப் பேக் பண்ணச் சொன்னார். வயர்மேனாக அவர் சொன்னது எல்லாம் சரிதான். அன்றைக்கு அவர் மகனாக முடிவெடுத்தார்.

பிளாஸ்மாவைப் படுக்க வைத்துக் கொண்டுபோகக் கூடாது, கண்ணாடி விரிசல் விடும் என்று கடையில் எச்சரித்தார்கள். ஒரு சின்ன வேன் பிடித்தோம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர்வரை கணவர் பின்னால் நின்றபடி அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரைப் பார்த்துக் கத்தினார்.

மூலையில் மேசை போட்டு வைத்தோம். தெரு வெளிச்சம் திரையில் விழாமல் இருக்கச் சன்னலுக்கு என் பழைய புடவை ஒன்றை மடித்துத் தொங்கவிட்டேன். அன்று மாலை குஸ்தி வந்தது. முன்பைவிட மூன்று மடங்கு பெரிய ஆட்கள் ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டார்கள். மாமனார் சத்தமாகவே சிரித்தார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் தட்டோடு போனபோது முகம் திரும்பவில்லை. சோற்றில் பாதி அப்படியே இருந்தது.

பத்து நாள் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோதெரபி செய்கிற அம்மா ஒருவர் முதன்முறையாக வீட்டுக்கு வந்தார். நடுவயது, பேச்சில் கண்டிப்பு. கையையும் காலையும் நீட்டி மடக்கிப் பார்த்தார். அப்போது மாமனாருக்குச் சாப்பாட்டு நேரம். இருந்து பார்க்கிறேன் என்றார். வழக்கம்போலப் பாதித் தட்டோடு மாமனார் நிறுத்திக்கொண்டார். நான் கூசிப்போய்த் தட்டை எடுக்கப் போனேன். அந்த அம்மா என் கையைத் தடுத்துவிட்டு, தட்டை அப்படியே அரைவட்டம் திருப்பி வைத்தார்.

மாமனார் மீதியையும் சாப்பிட்டார். ஒரு பருக்கை விடவில்லை.

அந்த அம்மா என்னைச் சமையலறைக்குள் அழைத்துப் போய், இவர் உன்னிடம் பேசுகிறாரா என்று கேட்டார். இல்லை, கல்யாணத்திலிருந்தே கோபம், முகத்தைக்கூடத் திருப்பமாட்டார் என்றேன்.

“பழைய கோவம் எனக்குத் தெரியாதும்மா. ஆனா இப்ப அவர் திரும்பாதது கோவத்தால இல்ல. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவர் மூளைக்குத் தெரியல. நீ வர்ற வாசல் அந்தப் பக்கம். அந்தப் பாதிச் சோறும் அந்தப் பக்கம்தான்.”

இத்தனை நாள் நான் அழுததெல்லாம் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது.

அந்த அம்மா அதோடு விடவில்லை. டிவியைப் பார்த்ததும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. பெரியவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கமே கொண்டுபோய் வைத்தால் எப்படித் திரும்புவார், பிடித்த பொருளை இடப்பக்கம் வைத்தால்தானே தேடுவார் என்றார். ஒரேயடியாக வேண்டாம், சுவரோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள், பேசுவதானாலும் முதலில் எதிரே நின்று கூப்பிட்டுவிட்டு அப்படியே இடப்பக்கம் நகருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதைக் கேட்டதும் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாள் சுவரில் ஒயர் போகிற கேசிங் பட்டை அடித்துக் கால்மாடு நெடுக மூன்று இடத்தில் பிளக் பாயிண்ட் வைத்தார். நான்கு நாளுக்கு ஒரு முறை மேசையை ஒரு சாண் நகர்த்துவோம். நகர்த்திய அன்று மாமனார் முணுமுணுப்பார். “எங்கடா பூட்ச்சி டிவி?” என்று மகனைக் கேட்பார். “தேடு நைனா, அங்கதான் கீது” என்பார் மகன். சத்தம் வருகிற திசையில் கண் மெல்ல நகரும். படத்தின் ஓரம் பிடிபட்டதும் கழுத்தும் கூடவே வரும். சில நாள் பிடிபடாது. கோபத்தில் வலது கையால் கட்டில் சட்டத்தை அடிப்பார். ஒரு நாள் ஒரு சாண் பின்வாங்கக்கூடச் செய்தோம்.

இந்த நகர்த்தலில் பிளாஸ்மா கைகொடுத்தது. எந்த மூலையில் வைத்தாலும், எந்தச் சாய்வில் பார்த்தாலும் படம் வெளுக்கவில்லை. எல்சிடியாக இருந்திருந்தால் இந்த மூலைக்கு வந்ததும் நைனா தேடுவதையே விட்டிருப்பார் என்று கணவரே ஒருமுறை சொன்னார். ஆனால் கரண்ட் பில் வந்த அன்று இதைச் சொல்லவில்லை. இன்வெர்ட்டரைப் பற்றியும் அவர் சொன்னதுதான் நடந்தது. கரண்ட் போனால் டிவி போய்விடும், வரும்வரை நான்தான் மாமனாரிடம் ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். பதில் வராவிட்டாலும் பேசினேன். கம்பெனியில் நடந்தது, பஸ்ஸில் நடந்த சண்டை, ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று. எதிரே நின்று தொடங்கி, இடப்பக்கம் நகர்ந்து, கடைசியில் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து.

தீபாவளியை ஒட்டி நகர்த்தத் தொடங்கினோம். கார்த்திகை பாதி போயிருக்கும். டிவி மேசை சமையலறை வாசலை ஒட்டி வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து அவசரமாகச் சமைத்துத் தட்டோடு வெளியே வந்தேன். குஸ்தி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண் திரையிலிருந்து நகர்ந்து என்மீது வந்து நின்றது. தற்செயல் என்று நினைத்தேன். நான் நகர, கண்ணும் நகர்ந்தது. தட்டை ஸ்டூலில் வைத்தேன்.

“நீ துன்னியா?” என்றார்.

குழறல்தான். ஆனால் தெளிவாகவே கேட்டது. இல்லை மாமா, இனிமேல்தான் என்றேன்.

“மொதல்ல துன்னு. மணி இன்னா ஆவுது.”

என் தட்டையும் போட்டுக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். டிவியில் யாரோ யாரையோ கயிற்றுக்கு வெளியே எறிந்தார்கள்.

கோபம் இருந்ததா, நோய்தானா, இரண்டும் கலந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டதில்லை. தை மாதம் சுவரைப் பிடித்து எழுந்தார். பங்குனியில் தடியோடு தெருமுனை டீக்கடைவரை போனார். இடது கைக்கு மட்டும் அசைவு திரும்பவேயில்லை. மருமகள் கடைத் தரையில் படுத்து டிவி வாங்கிய கதையைக் கணவர்தான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். டீக்கடையில் மாமனார் அதைச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்துவிட்டார்.

அடுத்த கிறிஸ்துமசுக்கு நான் வழக்கம்போலத் திருமுக்கூடலில் இருக்கிற அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். மாமனார் வெள்ளை வேட்டி கட்டி, சட்டையின் இடது கையை மகனைப் போட்டுவிடச் சொல்லி, வாசலில் தடியோடு நின்றுகொண்டிருந்தார். நானும் வரேன் என்றார். கணவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், ஆட்டோ சொன்னோம்.

அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. இருந்த ஒரே நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சாப்பாடு ஆன பிறகு, அம்மா கல்யாணத்துக்கு முன் எந்த ஊரில் நடவு நட்டவள் என்று மாமனார் கேட்டார். அம்மா சொன்னாள். அந்தக் கழனிக்கு வாய்க்கால் வெட்டியது நான்தான் என்றார் அவர். அம்மா நம்பவில்லை. எந்த மடையிலிருந்து எந்தப் பக்கமாக என்று கேட்டாள். அவர் தடியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். இல்லை, அது புளியமரத்துக்கு அந்தப் பக்கம் என்று அம்மா இன்னொரு கோடு போட்டாள். இருவரும் குனிந்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தும் மாமனார் எழுந்திருக்கவில்லை.